ஆற்றில் குளித்த ஜீப்

மேலப்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர், வட்டமான எதையோ ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார். சைக்கிளுக்கே எண்ணெய் விடத் தெரியாத நான், இட்லித் தட்டு என்று நினைத்தேன்.

"நாளைக்கு மாப்ள சவுதியில இருந்து வாராரு. அதுக்குள்ள இது காயணும்" என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

"ஏர் ஃபில்டர்லா இது? எப்படி நனைஞ்சுது?"

"மாப்ளயோட ஏசி ஜீப்ப ஆத்துல இறக்கிக் கழுவினேன். லாரியெல்லாம் அப்படித்தானே கழுவுதோம். தண்ணிக்குள்ள போனதும் நின்னுட்டு."

"ஃபில்டர் காயிதம்லா, நனைஞ்சா ஆகாது, வே. புதுசு வாங்கி மாட்டும். பிரேக்கும் நனைஞ்சிருக்கும். பைய ஓட்டி, மிதிச்சு மிதிச்சுக் காய விடும்."

"அவ்வளவுதானே? திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியிலதான் வரணும்னு சொல்லியிருக்காரு."

"ஆயில் கம்பிய உருவிப் பாத்தீரா?"

"பாத்தேன். சாயா மாதிரி இருந்துச்சு."

"கட்டஞ்சாயாவா, பால்சாயாவா?"

"பால்சாயாதான்."

"அப்ப இஞ்சினுக்குள்ள தண்ணி போயிட்டு. மெக்கானிக் வந்து பிரிச்சுப் பாக்குற வரைக்கும் சாவியத் தொடாதேயும்."

முன் சீட்டுக்காரர் கையை உள்ளே இழுத்து, ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டார். பாலம் தாண்டியதும் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார்.

"திருவனந்தபுரத்துக்கு விடியக்கால பஸ்ஸு இருக்கா, அண்ணாச்சி?"