சுத்தி வாங்க மிஸ்

— சிரிக்காதடா. உன் பேச்சைக் கேட்டு இன்னிக்கு என் வகுப்பே கையை விட்டுப் போயிருக்கும்.

— நான் என்னக்கா பண்ணேன்? விமானத்துல நாங்க செய்யறதைச் சொன்னேன். இறங்கறப்ப பக்கத்து சீட்டு கோ-பைலட் 'கோ அரவுண்ட்'னு சொல்லிட்டா, கேப்டன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் மறுபேச்சு கிடையாது. மேல தூக்கி, ஒரு சுத்து சுத்தி, மறுபடி இறக்கணும். காரணத்தை அப்புறம் தரையில கேட்டுக்கலாம். சிம்பிள்.

— உனக்கு எல்லாமே சிம்பிள்தான். உன் காக்பிட்ல ரெண்டு பேரு. என் ஏழாம் வகுப்புல நாப்பத்தி மூணு! இருந்தும், புரியலைன்னா 'சுத்தி வாங்க மிஸ்'னு சொல்லுங்க, காரணம் கேக்காம முதல்லேர்ந்து போடறேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன்.

— சரி, பசங்க சொன்னாங்களா?

— முதல் வாரம் விளையாட்டுக்குச் சொன்னாங்க. 'சுத்தி வாங்க மிஸ்'னு ஒருத்தன் கத்துவான். நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஏன்னு கேக்காம, கணக்கை முதல்லேர்ந்து போடுவேன். அப்புறம் தானா அடங்கிட்டாங்க. நிஜமாவே புரியாதவங்க மட்டும் சொல்ல ஆரம்பிச்சாங்க.

— பாத்தியா!

— இரு, ரொம்பப் பறக்காத. இன்னிக்கு ஹெச்.எம். நோட்டும் கையுமா வந்து கடைசி பெஞ்சில உக்காந்துட்டாரு. "இன்னும் ஒரு தப்பு கண்ணுல பட்டா வகுப்பை வேற டீச்சருக்குக் குடுத்துடுவேன்"னு போன மாசமே சொன்ன மனுஷன்.

— ஐயையோ.

— அடைப்புக்குறியை எடுத்துக் கணக்கு போட்டுட்டிருக்கேன். பாதியில ஒரு குரல், 'சுத்தி வாங்க மிஸ்.' யாருங்கற? சைரன்!

— நீ சைரன்னு பேர் வெச்சு தினம் வெளிய நிக்க வைப்பியே, அந்த வாயாடிப் பொண்ணா?

— அவளேதான். நேரம் பாத்துப் பழி வாங்கறான்னு நெனச்சேன்டா. அழுகையே வந்துடுச்சு. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கே. போர்டை அழிச்சேன், முதல்லேர்ந்து போட்டேன். ரெண்டாவது வரியிலதான் பிடிபட்டுச்சு. முதல் தடவை மைனஸை பிளஸ்ஸா மாத்தாமலே விட்டிருக்கேன்!

— ஹெச்.எம். கவனிக்கலையா?

— அவரு குனிஞ்சு ஏதோ எழுதிட்டிருந்தாரு. போறப்ப, "இவ்வளவு தைரியமா சந்தேகம் கேக்கறாங்களே, வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்"னாரு.

— தப்பிச்சே போ! அந்தப் பொண்ணுக்குப் புரியாம போனது உன் அதிர்ஷ்டம்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். மணி அடிச்சதும் தனியா கூப்பிட்டு, "எந்த எடம்மா புரியல?"ன்னு கேட்டேன்.

— என்ன சொன்னா?

— "எல்லாம் புரிஞ்சுது மிஸ். நீங்க மைனஸை மாத்தாம விட்டுட்டீங்க. தப்புன்னு சொன்னா சார் நோட்டுல எழுதிக்குவாரு. அதான் சுத்தி வாங்கன்னேன்."