ஸ்மைலினுக்கு வைத்த கண்ணி

— இரிலே ராஜகுமாரு, இரி. அந்த ஸ்மைலின் விழுந்தாளா? அத மொதல்ல சொல்லு.

— பொறும் ஓய் ஜான்ரோஸண்ணே. வெயில்ல வாறேன், ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிடட்டு.

— நான் சொன்னபடி கேட்டியா? "ஒரு மனைய வித்துத் தா, அதுல உள்ள கொறைய மட்டும் மறைச்சிரு"ன்னு?

— கேட்டேன். ஒமக்க பேச்ச நான் தட்டுனதுண்டா?

— அவளும் தலையாட்டியிருப்பா. போனுல பதிஞ்சியா? அத வச்சு ஒரு புகார் குடுத்தா, மனைத் தரகுக்குன்னு அரசாங்கம் குடுத்த அந்த ரெரா லைசென்சு காத்துல போவும். வடசேரியில ராசாவாட்டு மனைத் தரகு பண்ணுனவன்லே நான்! அவ போர்டுல நம்பர எழுதி வச்ச பொறவு, வாறவன் போறவனெல்லாம் "ஒமக்க ரெரா நம்பர் என்ன ஓய்"ங்கான்.

— நீரும் எடுக்க வேண்டியதுதானே?

— எனக்கெதுக்குலே லைசென்சு? எனக்க மொகந்தான் லைசென்சு!

— அவ அத எடுத்த பாடு தெரியுமா ஒமக்கு? ஆபீஸ் முகவரி வேணும்னு கேட்டாவ. மார்க்கெட்டுல ஒருத்தனும் அவளுக்கு ரூம் குடுக்கப்பிடாதுன்னு சொல்லி வச்சது நீரு.

— சொன்னேன். அதுக்கு?

— அப்பனுக்க டயர் கடையில பாதிய ஒதுக்கி, தானே வெள்ளையடிச்சு, அத ஆபீஸாக்கிட்டா. மனு திரும்பி வந்திச்சு. திருத்தி அனுப்புனா, மறுபடியும் வந்திச்சு. பிள்ளைய மடியில வச்சிட்டு பின்னயும் அனுப்புனாளாம். கொள்ளாம் ஓய்! நான்னா போவட்டும்னு விட்டிருப்பேன்.

— ஏலே, ஒன்ன அனுப்புனது அவளுக்குப் பாட்டு படிக்கவா? எந்த மனைய காட்டுன?

— வேற மனைக்கு நான் எங்க போவேன்? ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்குற காத்தாடிக்குப் பக்கத்துல கெடக்குல்லா, எனக்க மனை. அததான்.

— அத எதுக்குலே காட்டுன?

— ஏன், அதுக்கென்ன? கொறைன்னு ஒண்ணு சொல்லணும்லா, காத்தாடி எரச்சல்னு சொன்னேன். "வாங்குறவங்ககிட்ட சொல்லாம விக்கமாட்டேன் அண்ணே"ன்னுட்டு, அப்பமே ஸ்கூட்டர எடுத்துட்டா. கணவாய்க் காத்துல வண்டி சாயுது, அவ அசரல்ல. மனைய சுத்தி வந்தா, அக்கம்பக்கத்து வீடெல்லாம் ஏறி எறங்கி வெசாரிச்சா.

— வெசாரிச்சு?

— எனக்க பக்கத்துல வந்து, எனக்கு வலிக்கப்பிடாதுன்னு பைய சொன்னா. "அண்ணே, எரச்சல விடுங்க. இந்த மனைக்குப் பாதையே இல்ல. நம்ம நடந்து வந்தது பக்கத்துத் தோட்டக்காரருக்க மண்ணு. நாளைக்கு அவரு வேலி போட்டா, ஒரு ஆடு கூட உள்ள வராது."

— காத்து எரச்சல்ல ஒனக்கு செரியா கேட்டிருக்காது மக்கா.

— நல்லாட்டு கேட்டிச்சு. துபாய் வெயில்ல கெடந்து சம்பாதிச்சது ஓய்! மவளுக்கு அங்கன ஒரு வீடு கெட்டணும்னு இருந்தேன். அந்த எடத்துலயே உக்காந்து அழுதுட்டேன். சத்தியமாட்டு.

— செரி விடு, பேசிக்கிடலாம்.

— ஏன் தலைய குனியுதீரு? அன்னைக்கு எனக்க கையப் புடிச்சு அதே தோட்டத்து வழியா கூட்டிட்டுப் போயி, "இதாம்லே ஒனக்க பாதை"ன்னு காட்டி, மனைய எனக்கு வித்துத் தந்தது நீருதானே?

— அவகிட்ட எனக்க பேர சொன்னியா?

— எல்லாம் சொன்னேன், கண்ணி வச்சதும் சேத்து. "போலீசுக்குப் போறேன்"னேன். "அவசரப்படாதீங்க அண்ணே, தோட்டக்காரரு ஜான்ரோஸ் மாமாக்க கூட்டுக்காரரு. மாமா வந்து பேசுனா பாதைக்கு எடம் தருவாரு. ஒங்க பிள்ளைக்கு வீடுதான் முக்கியம்"னா.

— பின்ன நீ என்ன சொன்ன?

— நான் என்ன சொல்ல? அவ வெளிய வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கா, ஒமக்காகத்தான். போயி பின்னால ஏறும் ஓய்.