தண்ணிதான் சார்வாள்

இல்ல தம்பி, சாவியத் திருப்பாதிய. திருப்பித் திருப்பி பேட்டரியத்தான் பாதி கொன்னுபோட்டிருக்கிய. இங்கன நெழல்ல வந்து நில்லுங்க, வெயிலு பொசுக்குது. எங்கருந்து வாரிய, தின்னவேலியா? பாவநாசத்துக்கா? ம். காலைல எடுக்கும்போது ஒரே திருப்புல புடிச்சிருக்கும். இம்புட்டுத் தூரம் ஒரு மொனகல் இல்லாம வந்திருக்கும். முக்கூடல் வந்ததும் ரெண்டு வெட்டு வெட்டி இழுத்திருக்கும், பொறவு பொசுக்குனு நின்னுருக்கும். சரிதானா?

அம்பாசடரு, அதுவும் பெட்ரோலு. அப்பா வண்டியா? நல்லாத்தான் வச்சிருக்கிய. பெட்ரோல் ஒழுங்கா வருது, பாத்துட்டேன். நெருப்புதான் இல்ல. இந்தா, இந்த வயர இரும்புகிட்ட வச்சு இஞ்சினச் சுத்தவிட்டா பளிச்சுனு நீலமா வெட்டணும். பாத்தியளா, மஞ்சளா, சோந்துபோயி வருது. இந்த டப்பா மாதிரி இருக்கே, இதான் காயிலு. தொடாதிய, கை பொத்துப்போயிரும். பேட்டரிக் கரண்ட ஏத்தி பிளக்குக்கு அனுப்புதது இதான். உள்ள கம்பி நைஞ்சுட்டுன்னா, ஆறிக் கெடக்கும்போது ஒழுங்கா வேல செய்யும், சூடேறினா கைய விரிச்சிரும். ஆறினா மறுபடி ஓடும். அதான் இதுல உள்ள சள்ள. மெக்கானிக்கிட்ட கொண்டுபோயிச் சேக்கதுக்குள்ள ஆறிரும். அவன் பாக்கும்போது ஒரு கொறயும் இருக்காது.

அந்தத் துணிய நனைச்சுத் தாங்க. இப்படி காயில் மேல சுத்திட்டு, பைய ஒரு அஞ்சு நிமிசம். ம்… இப்ப திருப்புங்க. பாத்தியளா, எடுத்துட்டு!

பொறுங்க, பொறுங்க, ஓட்டிட்டுப் போயிராதிய. புதுக் காயிலு ஒண்ணு கெடக்கு, மாட்டித் தாரேன். மாட்டினாலும் உடனே விடமாட்டேன். ஒரு மணி நேரம் இங்கனயே ஓடிக்கிட்டு நிக்கணும். நல்லாக் கொதிச்சும் நிக்காம ஓடுதான்னு பாத்துட்டுத்தான் சாவியத் தருவேன். அங்க ஆளுக காத்திருக்காவளா? இருக்கட்டும். கோவப்படாதிய தம்பி. எல்லாருக்கும் இதான் சட்டம், மூணு வருசமா.

ஏன்னா கேக்கிய? அந்த ஸ்டூல இழுத்துப்போட்டு உக்காருங்க.

இந்த ஊருல குற்றாலலிங்கம்னு ஒரு சார்வாள். கணக்கு வாத்தியாரா இருந்து ஓய்வானவிய. சொர்ணாம்பா ஆச்சி அவிய வீட்டம்மா. வீட்டுல ரெண்டே பேருதான். மகன் குமரவேலு பூனாவுல வேல. ஒரு பழைய பத்மினி காரு வச்சிருந்தாவ, வெண்ணெய் நெறம். ஞாயித்துக்கெழமன்னா ஆச்சிய பக்கத்துல உக்காரவச்சு ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு சுத்து. ஆச்சி சன்னல் வழியா என்னையப் பாத்து கைய ஆட்டிட்டுப் போவாவ.

அவிய வண்டிக்கும் இதே கதைதான். தேவசிகாமணி, அரை மணி ஓடினா நின்னுருதுடே, கொஞ்ச நேரம் கழிச்சு தானா எடுத்துக்கிடுதுன்னு வந்தாவ. ஒரு தாள்ல எழுதியே கொண்டாந்தாவ. எந்தத் தேதி, எத்தன கிலோமீட்டர், எத்தன நிமிசத்துல நின்னுது, எத்தன நிமிசத்துல எடுத்துதுன்னு. கணக்கு வாத்தியாருல்லா! அத வாசிச்சிருந்தா சின்னப்பிள்ளைக்குக்கூட வெளங்கியிருக்கும். நான் மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன். வயசாளிக, எதுக்கெடுத்தாலும் பயப்படுதாவன்னு நெனச்சேன். பாயிண்ட மாத்தினேன், கண்டன்சர மாத்தினேன், அஞ்சே அஞ்சு நிமிசம் ஓடவிட்டேன். ஜம்முனு ஓடுது. காயில்ல கை வச்சேன். சுட்டுது தம்பி. சாதாச் சூடு இல்ல, வெடுக்குனு கைய எடுத்தேன். அடுத்த தடவ பாத்துக்கிடுவோம்னு விட்டுட்டேன். மச்சினன் வீட்டுல விசேசம், வெரசாப் போணும்.

போகையில புத்தி வேற சொன்னேன். மழைக்காலம் வருது சார்வாள், தண்ணியில வண்டி நின்னுட்டா சாவியத் திருப்பாதிய, இஞ்சின் உள்ள தண்ணிய இழுத்துக்கிடும், எனக்கு ஆள் சொல்லிவிடுங்கன்னேன். சரிடேன்னு சொல்லிட்டுப் போனாவ.

பத்து நாள் இருக்கும். கார்த்திக மழ, ரெண்டு நாளா விடாமப் பேயுது. காலைல ஆச்சிக்கு நெஞ்சு அடைக்கிதுன்னு சொல்லியிருக்காவ. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா, ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, சுத்தித்தான் வரணும்னு பதிலு. காத்திருக்க மனசு கேக்கல சார்வாளுக்கு. பின் சீட்டுல ஆச்சியப் படுக்கவச்சு தின்னவேலிக்கு வண்டிய எடுத்துட்டாவ. வயக்காட்டு வழி, நடுவுல ஒரு தரைப்பாலம். தண்ணி மேல ஏறிப் போவுது. கணுக்கால் அளவுதான். ஆச்சி சொல்லியிருக்காவ, வேண்டாம், தண்ணி வடியட்டும், நிப்பாட்டுங்கன்னு. அரை மைல் தாண்டிட்டா மெயின் ரோடு, கண்ண மூடிக்கோன்னு எறக்கிட்டாவ.

பாலம் தாண்டி அங்கிட்டு ஏறினதும் வண்டி நின்னுட்டு.

போன்ல டவர் இல்ல. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. சார்வாள் நான் சொன்னத அப்படியே கேட்டாவ. சாவியத் தொடவே இல்ல. ஒண்ணரை மணி நேரம். பொறவு பால்காரன் ஒருத்தன் பாத்துட்டு எங்கிட்ட வந்து சொன்னான். நான் பைக்க எடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே போனேன். சார்வாள் பின் சீட்டுல ஆச்சி தலைய மடியில வச்சு உக்காந்திருக்காவ. வெரசாப் பாருடே, அவ வலியில அசந்து ஒறங்குதான்னாவ. எட்டிப் பாத்தேன். ஒறக்கம் இல்ல தம்பி அது. பாத்ததுமே தெரிஞ்சுது.

பானட்டத் தூக்கி டிஸ்டிரிபியூட்டர் மூடியக் கழத்திப் பாத்தேன். மாட்டினேன். வந்து சாவியத் திருப்பினேன். ஒரே திருப்பு. புடிச்சுக்கிட்டு. அந்தச் சத்தத்த அன்னைக்குக் கேட்ட மாதிரி நான் வாழ்க்கையில கேட்டதில்ல. சார்வாள் பின்னாலருந்து கேக்காவ, தண்ணி போயிருச்சாடே, நான் எறக்கியிருக்கக் கூடாதோன்னு.

தண்ணிதான் சார்வாள்னேன்.

அதுக்குப் பொறவு அவிய வண்டியத் தொடல. யாருக்கோ குடுத்தாச்சு. வெள்ளிக்கெழம தவறாம நடந்தே இங்க வருவாவ. இந்த ஸ்டூல்லதான் உக்காருவாவ. அவ வேண்டாம்னு சொன்னா தேவசிகாமணி, நாந்தான் எறக்கினேன்பாவ. விடுங்க சார்வாள்பேன். டீ வாங்கிக் குடுப்பேன். குடிச்சிட்டுப் போவாவ. மகனும் பேச்ச விட்டுட்டான். அம்மாவத் தண்ணியில எறக்கிக் கொன்னுட்டாருன்னு ஊரறியச் சொல்லிட்டுப் போனவன், வரவே இல்ல. அதையும் சார்வாள் எங்கிட்டதான் சொல்லுவாவ. அவன் சொல்லுததும் சரிதானடேம்பாவ.

என்ன முழிக்கிய? உங்களுக்கு வெளங்கிட்டு, என்ன? ஆமா. தண்ணி போயிருந்தா அந்த டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள்ள நிக்கணும், ஒரு பொட்டு ஈரம் இல்ல தம்பி. காஞ்சு கெடந்துது. காயிலு சூடேறி நின்னுருக்கு, ஆறினதும் எடுத்துட்டு, அம்புட்டுதான். அர மணி கழிச்சு ஒருக்கா சாவியத் திருப்பியிருந்தாப் போதும். அதுகூட வேண்டாம், இப்ப உங்க வண்டிக்குப் போட்டேனே, அப்படி ஒரு ஈரத் துணி. சுத்தி எம்புட்டுத் தண்ணி!

சார்வாள்ட்ட சொல்லிர வேண்டியதுதானங்கிய. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் சொல்லணும்னுதான் டீ வாங்கப் போவேன். நேத்து சார்வாளுக்கே பதினாறாம் நாள் விசேசம். குமரவேலு வந்திருந்தான், அவந்தான் பரிமாறினான். எங்கப்பா அன்னைக்கு அந்தத் தண்ணியில எறக்காம இருந்திருக்கலாம் அண்ணாச்சின்னான். தண்ணி நெறையத்தான் தம்பி கெடந்துதுன்னு சொல்லிட்டு, இன்னும் கொஞ்சம் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டுட்டு வந்தேன்.