தினம் ஒரு புள்ளி

தூக்கம் வர வெந்நீரில் குளிப்பது நல்லதுதான். ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் குளிக்கக்கூடாது. ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைப் பார்த்துச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். ஒரு வாரம் முயன்று பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். காது மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. அரிசியைவிடச் சின்ன ஸ்பீக்கரை இடுக்கியால் பிடித்து, முடி போன்ற கம்பியைப் பற்றவைக்க வேண்டும். தூங்காத கை நடுங்கும். இரண்டு வருடம் நான் சரியாகத் தூங்காமல் இருந்தேன். போன வருடம் ஒரு டீச்சரின் காதுக்குள் பொருந்தும் அச்சை ஓரம் தேய்க்காமல் கொடுத்துவிட்டேன். அவருக்குக் காது புண்ணாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார் முதலாளி.

தூக்க டாக்டரிடம் போனேன். அவர் எழுதித் தந்ததை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன். ஆறரைக்குச் சாப்பாடு. ஏழுக்குப் போனை அணைப்பது. ஏழரைக்குக் குளியல். எட்டு மணிக்கு விளக்கைக் குறைத்து, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது. ஒன்பதுக்குப் படுக்கை. இதில் கஷ்டமானது எதுவுமில்லை, சுற்றி இருப்பவர்கள் ஒத்துழைத்தால்.

எட்டு மணிக்குத்தான் மாமா வருவார். என் மனைவியின் அப்பா. முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். தெருவில் அவருக்கு மைக்செட் என்றுதான் பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் நிலையத்தை விடவில்லை. பகல் முழுக்க அங்கே பெஞ்சில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது வந்தது என்று மனதில் குறித்துக்கொண்டு, என் எதிர்நாற்காலியில் வந்து கொட்டித் தீர்ப்பார்.

"ஏழாம் நம்பர் இன்னைக்கு பதினோரு நிமிஷம் லேட்டு, மாப்பிள்ளை. கேக்க நாதியில்ல."

நான் மூன்று வரைக்கும் எண்ணியிருப்பேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிடும், அவ்வளவு எரிச்சல். பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் குசுகுசுவென்று பேசினார், அது இன்னும் மோசம். மனைவியிடம் முறையிட்டேன்.

"அப்பாவுக்குப் பேச வேற யாரு இருக்கா? அரை மணி நேரம் கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள்.

குறைந்துதான் போய்க்கொண்டிருந்தேன். அது அவளுக்குப் புரியவில்லை.

மாமாவின் இரண்டு காது மெஷினையும் நான்தான் பொருத்திக் கொடுத்தேன். படுக்குமுன் அதைத் துடைத்து, ஈரம் போக டப்பாவில் வைப்பதும் நான்தான். அப்படித் துடைக்கும்போது ஒருநாள் கணினியில் செருகி வால்யூமை ஒரு புள்ளி குறைத்தேன். மறுநாளும் ஒன்று. ஒரேயடியாகக் குறைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். காது கேட்காதவர்கள் மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுவார்கள் என்பது என் தொழிலில் தினம் பார்ப்பது. சாயங்காலம் மட்டும் குறைத்துப் பகலில் சரியாக வைத்தால் சந்தேகம் வரும். அதனால் பகலுக்கும் சேர்த்தே குறைத்தேன்.

முதல் மூன்று வாரம் எல்லாம் தலைகீழாக நடந்தது. காது மந்தமானதும் குரலை ஏற்றிவிட்டார். டிவியையும் ஏற்றினார். அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு உங்கள் எதிரிக்கும் வேண்டாம். வேறு ஆளாக இருந்தால் கைவிட்டிருப்பான். ஐந்தாவது வாரம் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஆமா, ஆமா" என்றார். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று மகள் கேட்டால் "நாலு பேர்தான் ஏறினாங்க" என்பார். அவள் சிரித்துவிட்டாள் என்று கூசிப்போனார். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. எதிர்நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தடங்கலில்லாமல் மூச்சு விட்டேன். ஏழு மணி நேரம் தூங்கினேன். கை நடுக்கம் நின்றுவிட்டது.

மகள் கவலைப்பட்டதால் அவரைக் கடைக்கு அழைத்துப்போய்ச் சோதித்தேன். காது நரம்பு தேய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. எட்டு மணி வரைக்கும் இருந்தது. எட்டுக்கு மேல் கவலைகளை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் காலையில் நடந்தது உங்களுக்கே தெரியும். தண்ணீர் கேன் வண்டி சந்தில் ரிவர்ஸில் வந்தது. ஹாரன் அடித்ததை இஸ்திரிக்காரர் கேட்டார், மாடியில் துணி காயப்போட்ட அம்மா கேட்டார், மாமா கேட்கவில்லை. உயிர் பிரிந்தபின் ஆஸ்பத்திரியில் அவருடைய கண்ணாடியையும் மெஷின்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். மெஷின் கீறல்கூட இல்லாமல் இருந்தது. உங்களிடம் ஒப்படைப்பதற்கு முன் கடைக்குப் போய் வால்யூமைப் பழையபடி ஏற்றினேன். பத்து நிமிட வேலை. மெஷின் போட்டால் அவருக்கு நன்றாகக் கேட்கும் என்று உங்கள் காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன்.

வண்டி டிரைவர் "ஹாரன் அடிச்சேன் சார், விடாம அடிச்சேன்" என்று அழுததாகக் கேள்விப்பட்டேன். இரண்டு மாதமாக உள்ளே இருக்கிறாராம். இரண்டு பிள்ளைகளாம். பாவம்தான். ஆனால் நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் விசாரணை, வக்கீல் என்று என் சாயங்காலம் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

போன வாரம் என் மனைவி மாமாவின் பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்தாள். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு மாமா யாரிடமும் சொல்லாமல் வேறொரு காது மெஷின் கடைக்குப் போயிருக்கிறார். கருவியில் பழுதில்லை, ஒலியளவு வேண்டுமென்றே குறைக்கப்பட்டுள்ளது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் நேராக அந்தக் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு, அங்கிருந்து உங்களிடம் வந்துவிட்டாள்.

ஒலியைக் கூட்டி வைக்கவா என்று அந்தக் கடைக்காரர் கேட்டாராம். மாமா சொன்ன பதிலை நீங்கள்தான் இப்போது எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "வேண்டாம் தம்பி, அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளை இப்பத்தான் நல்லா தூங்குறார். எம் பொண்ணுகிட்டயும் சொல்லிடாதீங்க, மனசு ஒடைஞ்சு போயிடுவா."

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தினமும் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கிறார். அவருடைய சம்மதத்தோடு நடந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு குறைதான், இன்ஸ்பெக்டர். இவ்வளவு நல்ல மனசு இருந்தவர் வாயைத் திறந்து அதை என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். தினம் ஒரு புள்ளி என்று நான் ஆறு வாரம் கஷ்டப்பட்டிருக்கத் தேவையில்லை, முதல் நாளே முழுசாக அணைத்திருப்பேன்.