தலைவர் சம்சாரத்துக்கு ஒரு துஆ

இருங்க ஹஜ்ரத், குறுக்க பேசாதீங்க, வரிசையா வர்றேன். நீங்க இந்தப் பள்ளிவாசலுக்கு இமாமா வந்து மூணு மாசம்தான் ஆகுது, உங்களுக்குத் தெரியாது. முதல்ல, நான் நெத்தி தரையில பட சஜ்தாவுல அல்லாஹ்கிட்ட தமிழ்ல கேட்டேன்னு பக்கத்துல இருந்த தையல்காரன் போட்டுக்குடுத்தான். பழைய இமாம் என் தொழுகையே செல்லாதுன்னுட்டாரு. ரெண்டாவது, தொழுது முடிஞ்சப்புறமாவது துஆவத் தமிழ்ல கேளுங்கய்யான்னு துண்டுப் பிரசுரம் அடிச்சேன். அதை எடுத்து செருப்பு அலமாரியில விரிச்சாங்க. மூணாவது, ஜமாஅத் கூட்டத்துல எந்திரிச்சு நியாயம் கேட்டேன். மைக்க அணைச்சாங்க. நான் சங்கம் நடத்துன மில்லுல முதலாளிகூட அதைச் செஞ்சதில்ல, அவன் காதைப் பொத்திக்கிட்டதோட சரி. அணைச்ச கை இதோ உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கு. என்ன செயலாளரே, இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.

டீ வேணாம். நாளைக்குக் காலையில என் வீட்டுக்காரிக்கு நெஞ்சுல ஆபரேஷன். பொழைக்கிறது பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் வந்தேன். ஆனா மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டுத்தான் அதுக்கு வருவேன்.

நீங்க அரபியில கேக்குறீங்க, நாங்க ஆமீன் போடுறோம். எதுக்குப் போடுறோம்? இங்க உக்காந்திருக்குற இந்தக் கடைக்காரர் நீங்க மூச்சு வாங்க நிறுத்துனாக்கூட ஒரு ஆமீன் போடுறாரு. படைச்சவனுக்குத் தமிழ் தெரியாதா?

என்னது? தொழுகைக்கு வெளியில எந்த மொழியிலயும் கேக்கலாமா? அடேங்கப்பா. இதை முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சொல்லியிருந்தா என் தொண்டையாவது மிஞ்சியிருக்கும்.

நானே கேக்கணுமா? கேட்டேனே! நேத்து கையேந்தி உக்காந்தேன். வாயில என்ன வருது தெரியுமா? கீழ்க்காணும் கோரிக்கைகளை உடனடியாக நிறைவேற்றித் தருமாறு. சிரிக்காதீங்க செயலாளரே. முதல் கோரிக்கை முடியுறதுக்குள்ள, தவறும் பட்சத்தில்னு வந்துருச்சு. யார்கிட்ட? அல்லாஹ்கிட்ட! வெடுக்குன்னு கையை இறக்கிட்டேன். முப்பது வருஷம் கேக்குற உரிமைக்குச் சண்டை போட்டேன், ஒரு நாளும் கேட்டுப் பழகல.

அவளா? அவ கேப்பா. அவங்கம்மா சொல்லிக்குடுத்த அரபி துஆ, ஒரு எழுத்து பிசகாது. நான்தான் விடல. அர்த்தம் தெரியுமாடி, மளிகைச் சாமான் கேக்குறியோ என்னவோன்னு சங்கத்து ஆளுங்க முன்னாடி ஒரு நாள் நக்கல் அடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அன்னையிலேர்ந்து பதினேழு வருஷம், என் கண்ணு முன்னாடி அவ கையேந்தி நான் பார்க்கல. கேக்குறதையே விட்டுட்டாளான்னு கேக்க எனக்குத் தைரியமும் இல்ல.

இன்னைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்ல வாயைத் திறந்தா. உங்க தமிழ் வேணாங்க, ஹஜ்ரத்த ஓதச் சொல்லுங்க, பள்ளியில எல்லாரும் ஆமீன் சொல்லட்டும்னா. அவ்வளவுதான் விஷயம்.

ஆமா, அரபியிலதான். அரபியிலயே கேளுங்க.

இந்தாங்க, சீட்டுல பேரு இருக்கு. தெருவுல சொல்ற மாதிரி தலைவர் சம்சாரம்னு சொல்லிடாதீங்க. நான் யாரையும் நம்பிப் பழகினவன் இல்ல, சாயங்காலம் மஃரிப் தொழுகை வரைக்கும் பொறுக்க மாட்டேன், இப்பவே ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. செயலாளரும் கடைக்காரரும் சாட்சி.

ம்... அதான். அதான் அவ பேரு. இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்க ஹஜ்ரத்.