பின்னாடி ஒரு டொக்

அதாங்க சார், நானும் அதத்தான் சொல்றேன். நான் ஓட்டுனா டொக். மெக்கானிக் ஓட்டுனா ஊமை. வண்டிக்கு ஆள் அடையாளம் தெரியுமா என்ன? நீங்களும் வண்டி விட்டுட்டுத்தான உக்காந்திருக்கீங்க? எங்க அவசரமா எழுந்திரிக்கிறீங்க... உக்காருங்க. அவன் இப்பத்தான் என் பழைய கார எடுத்துட்டு ஒரு சுத்து போயிருக்கான். வந்தாத்தான் உங்களுது.

சத்தம் எப்படின்னா... கிளட்ச விட்டு வண்டி நகந்ததும் பின்னாடி ஒரு டொக். பிரேக்க அழுத்துனா இன்னொரு டொக். நான் பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவன் சார். ஓடுற மோட்டார் மேல காத வெச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிருவேன். என்கிட்ட வந்து இவன், என் காதால கேட்டாத்தான் கழட்டுவேங்கறான். நான் கேட்டேனே, அது போதாதா?

இதுக்கு முன்னாடி வேற ஒருத்தன்கிட்ட விட்டேன். அவன் நல்ல பையன், சொன்ன பேச்சு கேப்பான். இன்ஜின்லருந்து பின்சக்கரத்துக்கு நீளமா ஒரு தண்டு போகுதுல்ல, அதோட ஜாயிண்ட்ட மாத்துன்னேன். நல்லாத்தான சார் இருக்குன்னு முனகிட்டே மாத்தினான். வீடு வரைக்கும் சத்தமே இல்ல. நம்ம காது காதுதான்னு காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன். மறுநாள் காலையில வண்டி கேட்டத் தாண்டல, டொக். சரி, அப்ப டிஃபரன்ஷியல்தான். பின்னாடி அச்சுக்கு நடுவுல உருண்டையா தொங்கும் பாருங்க, அது. அதையும் பிரிச்சு மேஞ்சாச்சு. அதே கதை சார். வீடு வர்ற வரைக்கும் சமத்து, மறுநாள் காலையில டொக்.

வேற நாளா இருந்தா விட்டுத் தொலைச்சிருப்பேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில என் பொண்ண டிஸ்சார்ஜ் பண்றாங்க. பேத்தி பொறந்திருக்கா. ஆமா சார், மூக்கு அப்படியே என்னுதுதான், எல்லாரும் சொல்றாங்க... சரி, நான்தான் சொல்றேன். மாப்பிள்ளை என்ன சொல்லிட்டாரு தெரியுமா? மாமா, பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு அந்த வண்டியில வேண்டாம், நான் வேற வண்டி சொல்லிக்கறேன்னுட்டாரு. மரியாதையாத்தான் சொன்னாரு, அதுதான் இன்னும் எரியுது. என் பொண்ணு பொறந்தப்ப இதே வண்டியோட பின்சீட்டுலதான் சார் கூட்டிட்டு வந்தேன். அவ கொழந்தை வேற எவன் வண்டியிலயோ வீட்டுக்கு வரணுமா?

என் வீட்டம்மா மட்டும் என்ன, மாப்பிள்ளை கட்சி. அவங்க அண்ணன் இருக்காரே, என் மச்சான், அவரு அதுக்கும் மேல. அவங்க வீட்டுப் பரண்ல பழைய தொட்டில் ஒண்ணு கெடக்குதாம், கொழந்தைக்கு அதுவே போதுமாம். என் பேத்தி இவரு வீட்டு ஓட்டைத் தொட்டில்ல தூங்கி, அத இவரு காலம் பூரா சொல்லிக்காட்டணும்! விடுவேனா? பொண்ணுக்கு ஏழாம் மாசம் நடக்கறப்பவே, யாருக்கும் தெரியாம புதுசா ஒண்ணு வாங்கிட்டேன். இரும்புத் தொட்டில், கழட்டி மாட்டறது. ஸ்டாண்டுக் குழாய் ஒவ்வொண்ணும் என்ன கனம்ங்கறீங்க! நாளைக்கு கொழந்தை உள்ள வர்றப்ப அது ஹால்ல நிக்கணும், என் மச்சான் முகத்த நான் பாக்கணும்.

எங்க ஒளிச்சு வெச்சேனா? வீட்டுல வெச்சா வீட்டம்மா மோப்பம் பிடிச்சுருவா. டிக்கியிலதான், ரப்பர் விரிப்புக்கு அடியில, சாக்குல சுத்தி. வொர்க்‌ஷாப்ல விடற அன்னிக்கு மட்டும் எடுத்துருவேன். மெக்கானிக்குங்க பூரா என் மச்சான் கூட்டாளிங்க சார், இவன் ஒரு கண்ணால பாத்தா போதும், சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். அதனால அவ குளிக்கப் போற நேரம் பாத்து மோட்டார் ரூம்ல தள்ளிட்டு வண்டியக் கொண்டு போவேன். வண்டி திரும்பி வந்தா, மறுநாள் காலையில அவ குளிக்கப் போனதும் மறுபடி டிக்கியில. இன்னிக்குத்தான் முடியல. வாசல்லயே நின்னுட்டு, கெளம்புங்க கெளம்புங்கன்னு உயிர எடுத்துட்டா. அப்படியே வந்துட்டேன்.

சத்தம் எப்ப ஆரம்பிச்சுதா? நல்லா கேட்டீங்க, இவன் கூட அதத்தான் கேட்டான். கரெக்டா ஞாபகம் இருக்கு, பொண்ணுக்கு ஏழாம் மாசம்...

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

இல்ல... இருங்க.

ஏழாம் மாசம்.

அந்தா வந்துட்டான். சிரிச்சுக்கிட்டே எறங்கறான். நேரா டிக்கிகிட்டதான் போறான். தம்பி, அதத் தொறக்காத... தொறந்துட்டான். சாக்க வெளிய எடுத்து ஆட்டிக் காட்டறான் பாருங்க.

கேட்டுச்சா? அதே டொக்.

அப்ப அந்த ஜாயிண்ட்டு நல்லாத்தான் இருந்துச்சா? டிஃபரன்ஷியலு? அந்தப் பையன் முனகினானே சார், நல்லாத்தான இருக்குன்னு... கம்பெனியில மோட்டார் மோட்டாரா ரிஜெக்ட் பண்ணேனே இந்தக் காத வெச்சு, அதெல்லாம் கூட...? சரி, அத இப்ப நெனைக்க வேண்டாம்.

நல்லதுதான சார். வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு என் பேத்தி என் வண்டியிலதான் வருவா, மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனா இந்தத் தொட்டில அதுவரைக்கும் எங்க வெக்கறது? அவன் வேற போன எடுத்துட்டான். என் மச்சானுக்குத்தான் பண்றான், வேற யாருக்கு.

ஏங்க, எழுந்துட்டீங்களே. உங்க வீடு எந்தப் பக்கம்? உங்க டிக்கியில கொஞ்சம் இடம் இருக்குமா? நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கறேன். சார்... நில்லுங்க சார். ஒண்ணும் ஆகாது. கிளட்ச விடறப்ப மட்டும் பின்னாடி லேசா டொக்குனு கேக்கும், அதக் கண்டுக்காதீங்க.