கை போகிற இடம்

பரவை மார்க்கெட் லாரிகள் வழியை அடைத்ததால் விசாரணைக்கு வர நேரமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. என் பெயர் அசோக்குமார். மதுரை கோச்சடையில் சின்ன ஆபீஸ். செல்போன், டேப்லெட் திரைகளில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. ஆட்கள் எப்படி யோசிக்கிறார்களோ, அப்படித் திரை இருக்க வேண்டும்.

அந்த நூல் மில்லுக்கும் நான்தான் செய்து கொடுத்தேன். ஷிப்டுக்கு வரும் பெண்கள் வாசலில் இருக்கும் டேப்லெட்டில் தங்கள் பெயரைத் தொட்டால் இரண்டு பட்டன் வரும். இடப்பக்கம் பச்சையில் ‘நலம்’. வலப்பக்கம் சிவப்பில் ‘முடியவில்லை’. சிவப்பைத் தொட்டால் நர்ஸுக்குத் தகவல் போகும். ஐந்து நிமிடத்தில் மெஷினுக்கே வந்து பார்ப்பார்.

ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனேன். நாகஜோதி என்று ஒரு பெண், அழகர்கோவில் பக்கம், இருபத்திரண்டு வயது. “எழுத்தெல்லாம் யாருண்ணே வாசிக்கிறா? முடியலேன்னா கை தானா செவப்புக்குப் போயிருது” என்று சிரித்தாள். என் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மேனேஜர் உக்கிரபாண்டிக்குத்தான் திருப்தி இல்லை. “தம்பி, தெனம் நாப்பது பேரு முடியலேங்கிறாளுக. எம்புட்டு மெஷினு நிக்கிது தெரியுமா? இது கொறையணும். அதுக்காக அமுக்காதீகன்னும் நாம சொல்ல முடியாது.”

யாரும் எதையும் சொல்ல வேண்டாம் என்றேன். சிவப்புப் பட்டன் அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் இருந்த எழுத்தை ‘சமாளிப்பேன்’ என்று மாற்றினேன். அதைத் தொட்டால் நர்ஸுக்குத் தகவல் போகாது. ‘முடியவில்லை’ கீழே ஓரத்தில், சின்ன எழுத்தில். முதல் நாளே நாற்பது நான்காகக் குறைந்தது.

மூன்றாம் நாள் என் ஆபீஸில் உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாகஜோதி பெயரில் காலை ஏழு மணிக்கு ஒரு ‘சமாளிப்பேன்’. ஒன்பது நாற்பதுக்கு, டீ இடைவேளையில், இன்னொன்று. அடுத்த நிமிடமே மூன்றாவது. சமாளிக்கிறவள் அதைச் சொல்ல மறுபடி வாசல்வரை நடந்து வரமாட்டாள். நர்ஸ் வருவார் என்று காத்திருக்கிறாள். எனக்கு உடனே புரிந்தது.

நர்ஸ் அப்சானாவின் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிட்டால் நான் மாற்றியது தப்பு என்றாகிவிடும். வாரக் கடைசிவரை பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்கே நாகஜோதி தலை சுற்றி, ஓடுகிற மெஷின்மேல் விழுந்தாள். துப்பட்டா சுற்றிக்கொண்டதாம். எடுக்கும்போதே உயிர் இல்லை.

மில்காரர்கள் அவள் வீட்டாரிடம் என் பதிவைத்தான் காட்டினார்கள். சமாளிப்பேன் என்று அவளே மூன்று தடவை சொல்லியிருக்கிறாள் என்றார்கள். அவள் அம்மா முருகம்மாள் அந்தப் பதிவைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். பிறகு, “சொல்லிருப்பாய்யா. எம்மக யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டா” என்றாராம்.

மூன்றாவது தடவை தொட்டதற்கும் விழுந்ததற்கும் நடுவே பதினொரு நிமிடம். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் பெற்ற தாயே அப்படிச் சொன்ன பிறகு, அந்தப் பட்டனில் நான் எழுதியது பொய் என்று மட்டும் எழுதாதீர்கள்.